சட்டசபைக்குப் போன தாலி

எனக்குக் கல்யாண நாள் குறித்தபோது மாநிலத்தில் ஒரு முதலமைச்சர் இருந்தார். பத்திரிகை கொடுக்கத் தொடங்கியபோது அவர் இல்லை. தாலி என் கழுத்தில் ஏறியபோது அரசாங்கமே இல்லை. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அப்பாவுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஓட்டுகிற வேலை. அது வயிற்றுக்கு. உயிர் கட்சியில் இருந்தது. எங்கள் பகுதிக்கு அவர்தான் கிளைச் செயலாளர். மற்ற கிளைக்காரர்கள் கூட்டத்துக்கு இரண்டு லாரி ஆள் வருகிறது என்று மேலிடத்தில் அளந்துவிட்டு அரை லாரியோடு வந்து நிற்பார்கள். அப்பா மட்டும் வருகிற தலையை எண்ணித்தான் சொல்லுவார். ‘பொழைக்கத் தெரியாத ஆளு’ என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் எஸ்டேட் டீக்கடைகளில் ஏதாவது வழக்கு வந்தால், எதிர்க்கட்சிக்காரன்கூட, அந்த ஆள் சொல்லட்டும், அவர் பொய் சொல்ல மாட்டார் என்பான்.

முதலமைச்சராக இருந்த கட்சித் தலைவர் என்றால் அப்பாவுக்கு சாமி. சாமி என்று சொன்னால்கூடக் கோபித்துக்கொள்வார், சாமியை யார் பார்த்தார்கள், தலைவரை நான் பார்த்திருக்கிறேன் என்பார். அப்பா கட்சிக்கு வந்ததிலிருந்தே எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஐயர் கிடையாது. கட்சியில் ஒரு பெரிய மனிதர் தலைமை தாங்கித் தாலியை எடுத்துக் கொடுப்பார், மாப்பிள்ளை கட்டுவார், நாலு பேர் மைக்கில் வாழ்த்திப் பேசுவார்கள், சாப்பாடு. ஆனாலும் ராகு காலம் மட்டும் கவனமாகப் பார்த்துவிடுவார்கள்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எஸ்டேட்டிலேயே ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஒரு இடம் நிச்சயம் வரை வந்து நின்றுபோயிருந்தது. காரணம் அவர்கள் பக்கத்தில்தான். ஆனால் ஊர் வாய் பெண்ணைத்தானே மெல்லும். இரண்டாவதாக வந்தவர்தான் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர். டாங்க் செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், காலமாகிவிட்டார். அம்மா வானகரத்துப் பெண். வீட்டில் முடிவெடுப்பது அந்த அம்மாவும் அவருடைய தம்பியும், அதாவது மாப்பிள்ளையின் தாய்மாமன். வானகரத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவர், எங்கள் அப்பா மாதிரியே கட்சிக்காரர். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பெண்ணை விட்டுவிட்டு இவர்கள் இரண்டு பேரும் தலைவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

தை மாதத்தில் கல்யாணம். தலைமை, எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ. எந்தத் தொகுதி என்று சொல்ல மாட்டேன், அவருடைய பிள்ளைகள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். அவருக்காக வெயிலில் ஜீப்புக்கு முன்னால் நடந்து நடந்து அப்பாவின் குதிகால் வெடித்துப்போயிருந்தது. அந்த உரிமையில்தான் அப்பா ஒரு காரியம் செய்தார். கார்த்திகையில் மாப்பிள்ளை வீட்டில் பொன் உருக்கித் தாலி செய்தார்கள். அப்படிச் செய்த தாலியை வீட்டுச் சாமி படத்தடியில் வைத்துவிடுவார்கள், கல்யாணத்தன்றுதான் எடுப்பார்கள். அப்பா ஆவடிக்குப் போய் அந்தத் தாலியைக் கொடுங்கள் என்று கேட்டார்.

“எம்மெல்லே அண்ணன் கோட்டைக்குப் போறப்ப எடுத்துகினு போவாரு. தலைவர் கையால ஒரு தபா தொட்டு வாங்கியாந்துடலாம். இந்தப் பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்?” என்றார்.

வேறு வீடாக இருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பார்கள். தாய்மாமன் எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். “சம்மந்தி, எனக்கு இந்த யோசனை வரலியே” என்று கண் கலங்கினார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனசே இல்லை. ஆனால் தம்பி சொன்னபிறகு மறுபேச்சு இல்லை. நகைக்கடை ரோஸ் கலர் தாளில் மடித்த தாலி அப்பா கைக்கு வந்து, அன்றைக்கே எம்.எல்.ஏ. கைக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “கட்டாத தாலிய ஊர் சுத்த அனுப்பிட்டு வந்துகீற. உனக்கு மூளைன்னு ஒண்ணு கீதாய்யா?” என்று கேட்டாள். அப்பா ஆனந்தமாகச் சிரித்தார்.

தலைவருக்கு உடம்பு சரியில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். முன்பும் சரியில்லாமல் போய்த் தேறி வந்தவர்தானே என்று இருந்தோம். மார்கழியில் ஒரு காலை ரேடியோவில் வெறும் சோக வாத்தியம் வந்தது. அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு எஸ்டேட்டில் ஒரு மெஷினும் ஓடவில்லை, சங்கு ஊதவில்லை, ஒரு கடை திறக்கவில்லை. பஸ் இல்லை. அப்பா மண்ணூர்பேட்டையிலிருந்து நடந்தே நகரத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது தலை மொட்டை. செருப்பு இல்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். என் தாத்தா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

தாலியின் ஞாபகம் முதலில் வந்தது அம்மாவுக்குத்தான். அதற்குள் கட்சி இரண்டாக உடைந்துவிட்டது. தலைவருக்குப் பின் யார் என்பதில் சண்டை. ஒரு அணி ஆட்சி அமைத்தது, இன்னொரு அணி அது செல்லாது என்றது. சபையில் பலத்தைக் காட்டு என்று கவர்னர் கெடு வைத்தார். யாரிடமும் முழுப் பலம் இல்லை. இரண்டு பக்கமும் எம்.எல்.ஏ.க்களைக் கோழி அமுக்குகிற மாதிரி அமுக்கிக்கொண்டுபோய் ஓட்டல்களில் அடைத்தார்கள். எங்கள் எம்.எல்.ஏ.யையும் ஒரு நாள் காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆட்சியில் இருந்த அணியின் வேன். அவர் மனைவி அப்பாவிடம் சொன்னார்: “மாத்துத் துணிகூட எடுக்க உடலண்ணே. உங்க தாலி அவரு பாக்கெட்லதான் கீது. படுக்கறப்பகூட எடுத்து வைக்க மாட்டாரு.”

பொங்கல் வந்தது. நாங்கள் பொங்கல் வைக்கவில்லை, துக்க வீடு என்று அப்பா சொல்லிவிட்டார். பொங்கல் மறுநாள் தாய்மாமன் வந்தார். அவர் எதிர் அணியில் சேர்ந்திருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“சம்மந்தி, நீ எந்தப் பக்கம்?” என்றார்.

“தலைவர் செத்து ஒரு மாசம்கூட ஆவல. அதுக்குள்ள இன்னா பக்கம்?” என்றார் அப்பா.

“உன் எம்மெல்லே அந்தப் பக்கம் போயி உக்காந்துகினாரு. எங்க ஊட்டுத் தாலி அவராண்ட கீது. அதுக்கு இன்னா சொல்ற?”

“வந்துடும். மனுசன் நல்லவரு.”

“தலைவர் தொட்டாரா, இல்லியா?”

“அண்ணனப் பாத்தாதான தெரியும்.”

தாய்மாமன் என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகத்தான் சொன்னார். பொன் உருக்கிச் செய்த தாலியை மாற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்று அக்கா சாப்பிடாமல் கிடக்கிறாள், அந்தத் தாலி வந்தால் கல்யாணம், வராவிட்டால் இல்லை என்றார். அவர் போனபிறகு வீட்டில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாதிப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. பத்திரிகை வைத்த கல்யாணம் ஒரு பெண்ணுக்கு நின்றாலே போதும், எனக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயமும் நின்றிருந்தது. அதற்கு மேல் எனக்கென்று யாரும் வரப்போவதில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. மாப்பிள்ளையின் ஷிப்ட் நேரம் தெரியும். லீவு போட்டுவிட்டு ஆவடி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் பயந்துபோனார்.

“உங்க ஊட்ல சொல்றதுதான் உங்க பேச்சா?” என்று கேட்டேன்.

அவர் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு வேற தாலி, மஞ்சக்கயிறு எதுன்னாலும் சம்மதம்தாங்க. ஆனா அப்பா போனதுலேர்ந்து அம்மா தனியா என்னை வளத்தாங்க. அவங்கள அழவெச்சிட்டு என்னால மணையில உக்கார முடியாது” என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க என்னென்னவோ வாயில் வந்தது. கேட்கவில்லை. வருகிறேன், கட்டுகிறேன் என்று அவர் சினிமா வசனம் பேசியிருக்கலாம். பேசாமல் உள்ளதைச் சொன்னார். அந்தக் கோபத்திலும் எனக்கு அந்த ஆளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன், ஏறியபிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் எம்.எல்.ஏ.வை அடைத்திருந்த ஓட்டலுக்குப் போனோம். அப்பா தனியாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கல்யாணப் பெண்ணையே பார்த்தால் மனசு இளகும் என்று அம்மா என்னையும் அனுப்பினாள். அம்பத்தூரில் ரயில் ஏறி இறங்கி, வெயிலில் நடந்து, அந்தப் பெரிய கேட் முன்னால் நின்றோம். கேட்டில் போலீஸ் இல்லை, கட்சிக்காரப் பையன்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தன் கட்சி அட்டையைக் காட்டினார். எம்.எல்.ஏ. பெயரைச் சொல்லி, அவரிடம் ஒரு தாலி இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம் என்றார்.

ஒருத்தன் சிரித்தான். “தாலியா? யாரு அனுப்பிச்சா உன்னை? அந்தப் பக்கத்துல எத்தினி லட்சத்துக்குத் தாலின்னு பேரு வெச்சிகீறாங்க?”

“நைனா, நெசமாத்தான். இது என் பொண்ணு. இவளுக்குத்தான் கல்யாணம்.”

“பொண்ண வேற இட்டாந்துகீறியா? நல்லா ஆளு செட் பண்றாங்கப்பா.”

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. பதினைந்து வருஷமாகக் கட்சியில் இருக்கும் மனிதரை ஒரு மீசை முளைக்காத பயல் ஆள்பிடிக்கிறவன் என்கிறான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது எழுத முடியாது. சத்தம் கேட்டு மாடியில் ஒரு திரை விலகியது. எம்.எல்.ஏ. நின்றுகொண்டிருந்தார், தாடி வளர்ந்து, பனியனோடு. எங்களைப் பார்த்தார். நெஞ்சின் மேல் கையை வைத்துக் காட்டினார். பிறகு கும்பிட்டார். பின்னாலிருந்து யாரோ திரையை இழுத்து மூடினார்கள்.

“பத்திரமா கீதுன்னு சொல்றாரு” என்றார் அப்பா. ரயிலில் திரும்பும்போது எனக்கு விளக்கினார். சபையில் இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு தலைதான் வித்தியாசம், ஒரு ஆள் வெளியே காலை வைத்தால் ஆட்சி போய்விடும், அப்புறம் எப்படி விடுவார்கள்? எல்லாம் நியாயம் மாதிரியே பேசிக்கொண்டு வந்தார். “அப்ப என் கல்யாணம்?” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பலப்பரீட்சை நாள் வந்தது. அப்பா வேலைக்குப் போகவில்லை. டீக்கடை ரேடியோவைச் சுற்றி எஸ்டேட் ஆட்கள் நின்றார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன், காயில் சுற்றுகிற கை பாட்டுக்குச் சுற்றியது. மத்தியானத்துக்கு மேல் சேதி பரவியது. சபைக்குள் அடிதடி. மைக்கைப் பிடுங்கி எறிந்தார்களாம், நாற்காலி பறந்ததாம், சட்டை கிழிந்ததாம், உள்ளேயே போலீஸ் புகுந்து தடியால் அடித்ததாம். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். “என் பொண்ணு தாலி சட்டசபையில அடி வாங்குதே! எந்தத் தாயிக்கு இந்தக் கதி வரும்!” பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆட்சியில் இருந்த அணி ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஜெயிப்பு தங்கவில்லை. இரண்டு நாளில் ஆட்சியைக் கலைத்து, சபையையும் கலைத்துவிட்டார்கள். ஒரு மாதம்கூட முழுசாக நிற்காத அரசாங்கம். எதிர் அணிக்காரர்கள் வெடி வெடித்தார்கள். அப்பா எம்.எல்.ஏ. வீட்டுக்கு ஓடினார். பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார்கள், ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள், யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

கல்யாணத்தை நிறுத்தவும் அப்பாவுக்கு வாய் வரவில்லை, நடத்தவும் வழி தெரியவில்லை. மண்டபம் பூந்தமல்லியில். சமையல்காரர் வந்து அடுப்பு மூட்டிவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் வந்துவிட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அதே நிலைமைதான். முகூர்த்தம் வரை பார்க்கலாம், தாலி வரவில்லை என்றால் சாப்பாடு போட்டு அனுப்பிவிடலாம் என்று தாய்மாமன் அப்பாவிடம் சொன்னாராம். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெண் அறையில் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு உட்காரல் யாருக்கும் வேண்டாம். தோழிகளை வெளியே போகச் சொல்லிவிட்டேன். அம்மா மண்டபத்தில் வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பெண் அறைக்குச் சமையல்கட்டுப் பக்கமாக ஒரு பின்வாசல். அதை யாரோ தட்டினார்கள். அப்பா அப்போதுதான் என்னைப் பார்க்க உள்ளே வந்திருந்தார். அவரே திறந்தார். எம்.எல்.ஏ. நின்றிருந்தார். ஒற்றை ஆளாக, வாடகை ஆட்டோவில் வந்திருக்கிறார். நெற்றியில் பிளாஸ்திரி. இஸ்திரி போடாத சட்டை. பட்டனைக் கழற்றி, பனியனில் பின் குத்தி வைத்திருந்த ரோஸ் தாளை எடுத்தார்.

“சட்டையக் கிழிச்சிட்டானுங்கண்ணே. பனியன்ல இருந்ததால தப்பிச்சிது” என்றார். கட்சியில் எல்லாருக்கும் எல்லாரும் அண்ணன்தான்.

அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. எழுந்து அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருந்தது. அப்பா உடனே அதைக் கேட்டார். அவருக்கு அதுதான் முதல் கேள்வி.

“அண்ணே, தலைவர் தொட்டாரா?”

எம்.எல்.ஏ. என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “இல்லண்ணே. ரெண்டு தபா எடுத்துகினு போனேன். உடம்பு சரியில்லன்னு அவரு இருந்த மாடிக்கே உடல. அப்புறம் போலாம்னு இருந்தேன். அதுக்குள்ள…” அவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். “உங்களாண்ட எனக்குப் பொய் சொல்ல வரலண்ணே. நான் மேடைக்கு வரல. இப்ப நான் எம்மெல்லேவும் இல்ல. இப்படியே போயிடறேன்.”

அப்பா தாலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் அழுவார் என்று நினைத்தேன். “பத்திரிகையில உங்க பேர் போட்டுகீது. வாங்க” என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன். தோழி வந்து அழைக்கும் வரை காத்திருக்கவெல்லாம் அன்றைக்கு நேரமில்லை.

மேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா தாளைப் பிரித்துப் பார்த்து, எங்கள் தாலிதான் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதோடு முடிந்தது என்று நான் மணையில் உட்காரப் போனேன். அப்போது தாய்மாமன் எழுந்தார். அவர் பார்வை எம்.எல்.ஏ. மேல் இருந்தது.

“இந்த ஆளு எதுக்கு மேடையில? தலைவர் கட்சியக் கூறு போட்ட துரோகி. அந்த ஆளு பாக்கெட்ல கெடந்த தாலி எங்க புள்ளைக்கு வேணாம்” என்றார்.

பின்னால் எங்கள் பக்கத்தில் ஒருத்தன், யாருய்யா துரோகி என்று எழுந்தான். நாற்காலிகள் நகர்ந்தன. ஒரே கட்சிக்காரர்கள், போன கார்த்திகை வரை ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், இரண்டு பக்கமாகப் பிரிந்து கையை நீட்டிக் கத்தினார்கள். சபையில் நடந்ததைக் காதால் கேட்டிருந்தேன். மண்டபத்தில் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா, வேண்டாம்டா தம்பி என்று அழுதார். தாய்மாமன் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தார். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், எழுந்திரு என்றார். மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. உட்காரவும் இல்லை, பாதியில் நின்றார். இன்னொரு நாள் என்று ஒன்று எனக்கு வராது என்று அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும்.

தாய்மாமன் அப்பா பக்கம் திரும்பினார். “இந்தாளோட நான் பேச மாட்டேன். நீ சொல்லு சம்மந்தி. நீ பொய் சொல்ற ஆளு இல்ல, ஊருக்கே தெரியும். தலைவர் இந்தத் தாலியத் தொட்டாரா? தொட்டாருன்னா நான் வாய மூடிக்கறேன். இல்லன்னா நாங்க எழுந்து போறோம்.”

மைக்செட்டுக்காரன்கூட பாட்டை நிறுத்திவிட்டான். எம்.எல்.ஏ. தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

“தொட்டாரு” என்றார்.

அப்பாவுக்கு அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். பொய் பழகாதவர், எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. “ரெண்டு கையால வாங்கினாரு. கண்ல ஒத்திகினாரு. பொண்ணு நல்லா இருக்கட்டும்னு சொல்லிக் குடுத்தாரு” என்றார்.

தாய்மாமன் குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கி அழுதார். தாலி இருந்த தாம்பாளத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் எல்லார் கல்யாணத்திலும் தாலியைத் தட்டில் வைத்துச் சபையோர் தொட்டு ஆசீர்வதிக்கக் கொண்டுபோவார்கள், ஒப்புக்கு விரல் நுனியால் தொடுவார்கள். அன்றைக்கு அந்தத் தட்டு நகரவே இல்லை. ஒவ்வொருத்தரும் உள்ளங்கையை அதன் மேல் வைத்து, எடுக்க மனசில்லாமல் நின்றார்கள். இந்த அணி, அந்த அணி, இரண்டும். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். முகூர்த்தம் தாண்டிவிடும் என்று அம்மா பதறிக்கொண்டிருந்தாள். கடைசியில் தாய்மாமனே எம்.எல்.ஏ.விடம் தட்டை நீட்டினார். அவர் தாலியை எடுத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கட்டினார்.

எனக்குச் சந்தோஷம்தான். பொய்யைக் கட்டிக்கொண்டேனே என்று அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. காலில் விழுந்து எழுந்தபோது அப்பா காதோடு கேட்டார்: “உள்ள அவரு சொன்னது உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சிப்பா.”

“உங்கம்மாவாண்ட சொல்லாத.”

சொல்லவில்லை. அம்மா சாகிற வரை எல்லாரிடமும் அந்தத் தாலியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மாமியார் நோம்பு நாட்களில் என் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எம்.எல்.ஏ. அரசியலை விட்டு ஒதுங்கிவிட்டார். அன்றைக்குப் பெண் அறையில் என்ன பேசினோம் என்று அவர் வெளியே மூச்சு விடவில்லை.

நான் மறுவீடு வந்தபோதே அப்பா கிளைச் செயலாளர் பதவியை விட்டிருந்தார். வயசாகிவிட்டது என்றார். ஐம்பத்திரண்டு ஒரு வயசா? அடுத்த தை பிறந்தபோது தேர்தல் வந்தது. நான் பிள்ளை பெற்று அம்மா வீட்டில் இருந்தேன். இரண்டு அணியும் தனித்தனியாக வந்து அப்பாவைக் கூப்பிட்டன. தேர்தல் முடிந்து அணிகள் ஒன்றான பிறகு சேர்ந்தே வந்தும் கூப்பிட்டார்கள். டீ கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தத் தேர்தல் சமயத்தில் ஒரு மத்தியானம் நான் விடாமல் கேட்டேன். உயிரா நெனச்ச கட்சியாச்சே, ஏன்பா இப்படி ஒதுங்கிட்ட?

அவர் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். “அவரு பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன்மா. நல்லா இருக்கட்டும்னு அவரு சொன்னதா வேற சொல்லிட்டேன். அவரு அப்படிச் சொல்லலியே. இனிமே அவரு பேரச் சொல்லி நான் எந்த ஊட்டாண்ட போயி ஓட்டு கேக்கறது?”

“எனக்காகத்தானப்பா சொன்ன.”

“உனக்காகத்தான். திரும்பக் கேட்டாலும் சொல்லுவேன். அதுக்காக அது நெசமாயிடுமா?”

தெருவில் தேர்தல் ஆட்டோ வந்துகொண்டிருந்தது. எந்த அணியின் ஆட்டோவோ தெரியவில்லை. அந்தத் தேர்தலில் இரண்டு அணியும் தலைவரின் பழைய பேச்சைத்தான் கேசட்டில் போட்டுக்கொண்டு சுற்றின. வாசலுக்கு நேரே வந்தபோது அந்தக் குரல் வீட்டுக்குள் நன்றாகக் கேட்டது. முன்பெல்லாம் அந்தக் குரல் எங்கே கேட்டாலும் அப்பா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பார். அன்றைக்கும் எழுந்தார். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் ஜன்னலைச் சாத்தினார். பிள்ளை தூங்குகிறதே என்றுதான் சாத்துகிறார் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருந்தது.